குடும்பத்தில் யாருக்கும் இல்லை

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் ஆசை. இந்தக் கழுத்து அப்படி எழுத விடமாட்டேன் என்கிறது.

தொண்டைக்குழிக்குக் கொஞ்சம் மேலே, வலப்பக்கமாக ஒரு வீக்கம். மூன்று மாதமாகிறது. முதலில் சட்டைக் காலர்தான் இறுக்குகிறது என்று தையற்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் டேப்பை எடுத்து அளந்து பார்த்துவிட்டு, "நான் அளவு தப்பா எடுக்கலைங்க, உங்க கழுத்துதான் மாறியிருக்கு" என்றார். ஆக, நோயை முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான். அதன் பிறகு எங்கள் தெரு டாக்டர் இரண்டு மாதம் மாத்திரை கொடுத்தார். வீக்கம் அதையும் சாப்பிட்டுவிட்டு வளர்ந்தது.

என் பிழைப்பு உனக்குத் தெரியும். கோர்ட் தாழ்வாரத்தில் நின்று வழக்குக்காரர்களின் பெயரை மூன்று முறை கூப்பிட வேண்டும். மூன்றாவது முறையும் ஆள் வரவில்லை என்றால் உள்ளே "ஆஜர் இல்லை" என்று எழுதிவிடுவார்கள். அதோடு அவர் கதை முடிந்தது. பத்தொன்பது வருடத்தில் என் குரல் காதில் விழவில்லை என்று ஒருத்தர் சொன்னதில்லை. வக்கீல்கள் எனக்கு மைக்செட் என்று பெயர் வைத்தது சும்மாவா. போன வாரம் ஒரு பெரியவர், நாலடி தள்ளி பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். மூன்று முறை கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. கேட்டால், "என் பேரையா கூப்பிட்டீங்க? ஏதோ முனகுறீங்கன்னு இருந்துட்டேன்" என்கிறார். நான் உள்ளே போய் நீதிபதி ஐயாவிடம் என் தப்புதான் என்று சொல்லி, அவர் வழக்கைத் திரும்ப எடுக்க வைத்தேன். அன்றைக்குத்தான் பயம் வந்தது.

ஸ்கேன் எடுத்தேன். எடுத்தவர் என் முகத்தைப் பார்க்காமல் பேப்பரைக் கொடுத்தார். தைராய்டு சுரப்பியில் கட்டி, சந்தேகப்படும்படி இருக்கிறது என்று போட்டிருக்கிறது. இவள் அந்தப் பேப்பரை பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டியிருக்கிறாள், பூட்டினால் உள்ளேயே இருக்கும் என்கிற மாதிரி. நீ இருபத்திரண்டு வருடமாக ஆஸ்பத்திரி லேபில் சதையைச் சீவி ஸ்லைடு போடுகிறவள். நான் என்ன செய்யவேண்டும் என்று நீ சொல்.

போனில் கேட்டிருக்கலாம். ஆனால் நீ ஹாஸ்டலில் இருந்தபோது தொடங்கிய பழக்கம், பெரிய விஷயம் என்றால் எனக்குப் பேனாதான் வருகிறது. அந்த ஹாஸ்டல் கேட் ஞாபகம் இருக்கிறதா? பையன்களை உள்ளே விடமாட்டார்கள் என்று அப்பா என்னை வெளியே நிறுத்திவிட்டுப் போனார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்கா, அக்கா, அக்கா என்று மூன்று முறை கத்தினேன். நீ வரவேயில்லை. பரீட்சை என்று பிறகு எழுதினாய். பதினோரு வயதில் அங்கேதான் தொழில் கற்றேன் என்று கோர்ட்டில் சொல்லிச் சிரிப்பேன்.

மாமாவுக்கு என் அன்பு. சீக்கிரம் எழுது.

உன் தம்பி


ஜனவரி 14

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். மூன்று மாதமாகக் கழுத்தில் கட்டியை வைத்துக்கொண்டு தையற்காரரோடு சண்டை போட்டிருக்கிறாயே, உன்னை என்ன சொல்லித் திட்டுவது. திட்டினாலும் சிரிப்பாய்.

திங்கட்கிழமை கிளம்பி வா. இங்கே எல்லாம் சொல்லி வைத்துவிட்டேன். முதலில் ஊசியால் குத்திக் கொஞ்சம் எடுத்துப் பார்ப்பார்கள். எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும். அந்த ஸ்லைடுக்கு நானே சாயம் ஏற்றுவேன், வேறு யார் கைக்கும் விடமாட்டேன். படித்துச் சொல்லப்போவது எங்கள் லேபின் பெரிய டாக்டரம்மா. அவர் கண்ணுக்குத் தப்பியது என்று எதுவும் கிடையாது.

படிவம் எழுதுவதை நான் பார்த்துக்கொள்கிறேன். உன் கோழிக்கிறுக்கலை எந்த டாக்டரும் படிக்கமாட்டார். இங்கே விவரம் அரைகுறையாக எழுதி வந்தால் நான் டாக்டர் என்றுகூடப் பார்க்கமாட்டேன். "நோயாளியின் முழு விவரம் வேண்டும்" என்று சிவப்புப் பென்சிலால் எழுதி, வந்த கையோடு திருப்பிவிடுவேன். முதுகுக்குப் பின்னால் சிவப்புப் பென்சில் அக்கா என்று கூப்பிடுகிறார்கள், எனக்குத் தெரியாது என்று நினைப்பு. விவரம் தெரியாமல் ஸ்லைடைப் பார்ப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு தெருவைக் கடப்பது மாதிரிடா.

தைரியமாக இரு. ராத்திரி உடுப்பு, ஸ்கேன் பேப்பர் இரண்டையும் மறக்காதே. பீரோ சாவியை உன் வீட்டுக்காரியிடம் கெஞ்சியாவது வாங்கு.

உன் அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். எறும்பு கடித்த மாதிரி என்று எழுதினாயே, அது எந்த ஊர் எறும்பு என்று தெரியவேண்டும்.

உன்னை லேபில் பார்த்தது எனக்கு ரொம்பப் பெருமை. குட்டியிடமும் சொன்னேன், உன் அத்தை வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நடந்தால் டாக்டர்களே ஒதுங்குகிறார்கள் என்று. அவளும் எட்டாம் வகுப்பு முடித்து அதையே படிக்கப்போகிறாளாம். எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டு அந்த வேலைக்குப் போகமுடியாது என்று இவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. அந்தச் சின்ன டாக்டர் என்னிடம், "வீட்டுல யாருக்காவது டி.பி. இருந்துச்சா?" என்று கேட்டார் அல்லவா. நான் வாயைத் திறப்பதற்குள் நீ, "எங்க குடும்பத்துல யாருக்கும் இல்ல" என்று சொல்லி, படிவத்தில் எழுதியும் விட்டாய். சின்ன வயதிலிருந்து எனக்கும் சேர்த்து நீதான் பதில் சொல்கிறாய். கோர்ட்டில் இதைச் செய்தால் சாட்சியைக் கலைத்ததாகக் கேஸ் போடுவார்கள்.

முடிவு எதுவானாலும் மறைக்காமல் எழுது.

உன் தம்பி


பிப்ரவரி 11

அன்புத் தம்பிக்கு,

மறைக்காமல் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

ஊசியில் வந்ததில் பெரும்பாலும் செத்த சதை. இடையிடையே சில செல்கள், அவற்றை வைத்து ஒன்றும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. மூன்று மாதத்தில் இவ்வளவு வளர்ந்திருக்கிறது, குரலும் கம்முகிறது, குடும்பத்தில் வேறு நோய் எதுவும் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் கெட்ட வகைப் புற்றாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், காத்திருக்க வேண்டாம், சுரப்பியை எடுத்துவிடுவதே நல்லது என்கிறார் டாக்டரம்மா. இருபத்தைந்தாம் தேதி அறுவை.

நான் ஸ்லைடை நாலைந்து முறை பார்த்தேன். நான் டாக்டர் இல்லை. அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

பயப்படாதே என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். நானும் பயந்துதான் இருக்கிறேன். வா.

அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

இனி உனக்கும் எனக்கும் கடிதம்தான். போனில் "ஹலோ" என்றால் எதிரில் இருப்பவர் காற்றடிக்கிறது என்று வைத்துவிடுகிறார்.

கட்டி குரல் நரம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது, பிரிக்க முடியவில்லை, வெட்டித்தான் எடுத்தோம் என்று அறுவை செய்தவர் சொன்னார். உயிருக்குத்தானே முதலிடம் என்றார். நானும் தலையாட்டினேன். புற்று என்றால் குரல் போனால் போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். பன்னிரண்டு நாள் கழித்து நீ இவளிடம் போனில் சொன்னாய், புற்று இல்லை, டி.பி. என்று. கேட்டதும் இவள் கும்பிட்டாள், அழுதாள், பக்கத்து வீட்டுக்கெல்லாம் ஓடினாள். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். மாத்திரையில் போகிற நோய்க்கா என் கழுத்தை அறுத்தார்கள்?

தைராய்டில் டி.பி. வருவது அபூர்வத்திலும் அபூர்வம் என்று இங்குள்ள டாக்டர் சொல்கிறார். அவர் இதுவரை பார்த்ததில்லையாம். அக்கம்பக்க டாக்டர்களைக் கூட்டிவந்து என்னைக் காட்டினார். நுரையீரல் சுத்தமாக இருக்கிறது. பிறகு எப்படி வந்தது என்று எல்லோரும் என்னையே கேட்கிறார்கள், நான் கடையில் வாங்கி வந்த மாதிரி. மருந்து தொடங்கியாயிற்று. சுரப்பி இல்லாததால் ஆயுசுக்கும் வேறு ஒரு மாத்திரை. தையல் போட்ட இடம் இன்னும் கசிகிறது.

கோர்ட்டில் என்னை ரெக்கார்டு ரூமுக்கு மாற்றிவிட்டார்கள். பழைய கட்டுகளைத் தூசி தட்டி அடுக்கும் வேலை. வாசலில் இப்போது வேறொருவர் கூப்பிடுகிறார். நல்ல மனுஷன்தான், ஆனால் இரண்டாவது கூப்பாட்டிலேயே அலுத்துப்போகிறார். மூன்றாவது தடவை உதட்டோடு போய்விடுகிறது. உள்ளே உட்கார்ந்து கேட்கிற எனக்கு வயிறு எரிகிறது.

உன் தம்பி


ஏப்ரல் 15

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. பலமுறை படித்தேன்.

மருந்தை ஒரு வேளைகூட விடாதே. வெறும் வயிற்றில் போடு, குமட்டினால் படுத்துக்கொள். சிறுநீர் சிவப்பாகப் போனால் பயப்படாதே, அது மருந்தின் நிறம். கண் மங்கினாலோ கால் மரத்தாலோ உடனே டாக்டரிடம் சொல். முட்டை சாப்பிடு.

எங்கிருந்து வந்தது என்று யோசித்து மனதைக் குழப்பிக்கொள்ளாதே. தினமும் நூறு பேர் இருமுகிற தாழ்வாரத்தில் நின்றவன் நீ. யாரென்று தேடுவது. வந்தது வந்துவிட்டது, இனி போவதைப் பார்ப்போம்.

அக்கா


ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று மாதம் மருந்து தின்றும் புண் ஆறவில்லை. இப்போது அதற்குப் பக்கத்தில், காதுக்குக் கீழே, புதிதாக ஒரு கட்டி கிளம்பியிருக்கிறது. இந்தத் தடவை தையற்காரர் வரை போகவில்லை, நானே கண்டுபிடித்துவிட்டேன்.

டாக்டர் குழம்பிப்போயிருக்கிறார். இந்த மருந்துக்கு இந்நேரம் அடங்கியிருக்க வேண்டுமாம். சில கிருமிகள் வழக்கமான மருந்துக்கு அடங்காதாம். அப்படியா என்று பார்க்கக் கிருமியை உயிரோடு வளர்த்துப் பார்க்கவேண்டும். அறுவையில் எடுத்ததில் துளி வைத்திருந்தால் வளர்த்திருக்கலாம். ஆனால் டி.பி. என்று யாரும் நினைக்காததால் மொத்தத்தையும் ஃபார்மலினில் போட்டுவிட்டார்கள், அதில் போட்டால் கிருமி செத்துவிடும், அதை உங்க அக்காவே சொல்வார் என்றார். புண்ணில் கசிவதை இரண்டு முறை எடுத்து அனுப்பினார்கள். ஒன்றும் முளைக்கவில்லை.

நேற்று அவர் என்னை உட்காரவைத்து, "சின்ன வயசுல யார்கிட்ட இருந்தோ வந்து இத்தனை வருஷம் தூங்கியிருக்கு. அது யாருன்னு தெரிஞ்சா, அவங்களுக்கு எந்த மருந்து கேட்டுச்சுன்னு தெரிஞ்சா, எனக்குப் பாதி வேலை முடிஞ்சிரும்" என்றார். எனக்கு யாரும் நினைவுக்கு வரவில்லை. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நீ என்னைவிட எட்டு வயது மூத்தவள். அத்தை, பெரியப்பா, வீட்டில் வந்து தங்கியவர்கள் யாராவது இருமிக்கொண்டிருந்தார்களா? நன்றாக யோசித்து எழுது.

இன்னொன்று. குட்டி தன் தோழி வீட்டுக்குப் போனாள். அந்தம்மா வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிட்டார். கழுத்தில் இருப்பது பிறருக்கு ஒட்டாது என்று டாக்டர் எழுதியே கொடுத்திருக்கிறார். அந்தக் காகிதத்தை எத்தனை வாசலில் போய்க் காட்டுவது. குட்டி வந்து போர்வையை இழுத்து மூடிப் படுத்துக்கொண்டாள். எனக்கு அவளைச் சமாதானம் செய்யக்கூடக் குரல் இல்லை.

உன் தம்பி


ஜூலை 8

தம்பி,

இந்தக் கடிதத்தைப் படிக்குமுன் கூட இருக்கும் பழைய காகிதத்தை டாக்டரிடம் கொடு. அதிலுள்ளதை நேற்றுக் காலையே அவருக்குப் போனில் சொல்லிவிட்டேன். உன் மருந்து என் கடிதத்துக்காகக் காத்திருக்கக்கூடாது. காதுக்குக் கீழே உள்ள கட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்து, ஃபார்மலினில் போடாமல் உப்புத் தண்ணீரில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இனி நீ நின்றும் படிக்கலாம், உட்கார்ந்தும் படிக்கலாம்.

அத்தை இல்லை, பெரியப்பா இல்லை. நான்தான்.

நான் போனது ஹாஸ்டல் இல்லை. அது டி.பி. ஆஸ்பத்திரி. அதற்கு முன் ஐந்து மாதம் வீட்டில் இருமிக்கொண்டிருந்தேன். நீ என் பாயில்தான் படுப்பாய், என் போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு. வழக்கமான மருந்து எனக்குக் கேட்கவில்லை. இரண்டு மருந்துக்கு அடங்காத கிருமி என்று கண்டுபிடித்து, வேறு மருந்தும் ஊசியுமாகப் பதினெட்டு மாதம். மருந்தின் பெயர்கள் எல்லாம் அந்தக் காகிதத்தில் இருக்கின்றன. பெண்ணுக்குக் கல்யாணம் ஆகாது என்று அம்மா என் கையைத் தன் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கினாள். உன்னிடம் படிப்பு, ஹாஸ்டல் என்று சொன்னார்கள். பிறகு அதையே நானும் நம்பத் தொடங்கிவிட்டேன். மாமாவுக்குக்கூட நேற்றுவரை தெரியாது. இந்த வேலையில் சேரும்போது எழுதிக்கொடுத்த காகிதத்திலும் "இல்லை" என்றுதான் போட்டேன்.

அந்தச் சின்ன டாக்டர் கேட்டபோது எனக்கு நினைவில்லாமல் இல்லை. சுற்றிலும் என்னோடு வேலை செய்கிறவர்கள் நின்றார்கள். "இருந்தது, எனக்கு" என்று சொன்னால் அந்தப் படிவம் இருபது கை மாறும். இருபத்தெட்டு வருடத்துக்கு முந்தியது, இதற்கும் கழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதைச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஊருக்கெல்லாம் முழு விவரம் கேட்டுச் சிவப்புப் பென்சிலால் எழுதுகிறவள், உன் படிவத்தில் மட்டும் பொய் எழுதினேன். நான் உண்மையை எழுதியிருந்தால் டாக்டரம்மா அந்த ஊசி ஸ்லைடையே வேறு கண்ணால் பார்த்திருப்பார். கத்தி வந்திருக்காது. உன் குரல் இருந்திருக்கும்.

உன் சதையைச் சீவியது நான். சாயம் ஏற்றி வெளிச்சத்தில் வைத்ததும் புற்று செல் ஒன்றுகூட இல்லை. நடுவில் தயிர் திரிந்த மாதிரி செத்த சதை, சுற்றி வளையம் வளையமாகச் செல்கள். அது என்னவென்று எனக்குத் தெரியும். காசநோய்க் கிருமியைக் காட்டும் சிவப்புச் சாயத்தை யாரும் போடச் சொல்லவில்லை. நானே போட்டேன். நாற்காலியை விட்டு எழாமல் இரண்டு மணி நேரம் தேடினேன். மூன்றாவது ஸ்லைடின் ஓரத்தில் இரண்டு கிடைத்தன, சிவப்பாக, நூல் துணுக்கு அளவில். டாக்டரம்மா வந்து பார்த்தார். "அபாரம். எப்படிம்மா தோணுச்சு உனக்கு?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். தோன்றிற்று என்றேன். அன்றைக்கு என்னைப் பாராட்டிக் கைதட்டினார்கள் தம்பி. நான் நின்று கேட்டுக்கொண்டேன்.

அதன் பிறகும் நாலு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். சாதாரண மருந்தே கேட்டுவிடும், சொல்லவேண்டியே வராது என்று தினமும் வேண்டிக்கொண்டேன். தாழ்வாரத்தில் இருமியவர்கள் மேல் பழியைப் போட்டு உனக்கு எழுதினேன்.

கேட் விஷயமும் சொல்லிவிடுகிறேன். என் கட்டில் ஜன்னலோரத்தில் இருந்தது. நீ கூப்பிட்டது கேட்டது. மூன்று முறையும் கேட்டது. வரவில்லை. வந்தால் நீ உள்ளே ஓடி வந்துவிடுவாய் என்று பயம்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாயில்லை. குட்டியை ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடு.

அக்கா


ஆகஸ்ட் 2

அன்புத் தம்பிக்கு,

பதில் வரவில்லை. உன் டாக்டரிடம் போனில் விசாரித்தேன். நோயாளி அனுமதி இல்லாமல் சொல்லக்கூடாது என்றார். அவர் சொன்னது சரிதான்.

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன் படிவத்தை எடுத்து, "இல்லை" என்றிருந்ததை அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டேன். அவர் படிவத்தை வாங்கிக் கோப்பில் வைத்தார். அதன் பிறகு என் ஸ்லைடுகளைப் பற்றி மட்டும்தான் என்னிடம் பேசுகிறார். மாமா இரண்டு நாள் பேசாமல் இருந்தார். மூன்றாம் நாள், "தம்பி எப்படி இருக்கான்?" என்று கேட்டார்.

புண் ஆறுகிறதா? இரண்டு வரி எழுது. திட்டியாவது எழுது.

அக்கா


ஆகஸ்ட் 30

அன்புத் தம்பிக்கு,

உண்மையைச் சொன்ன கடிதத்தையும் சேர்த்தால் இது மூன்றாவது. உன் தொழிலில் மூன்றுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

இன்றைக்கு ஒரு படிவம் விவரமே இல்லாமல் வந்தது. கை பழக்கத்தில் சிவப்புப் பென்சிலை எடுத்துவிட்டது. எழுத முடியவில்லை. பென்சிலை டிராயரில் போட்டுவிட்டு, நானே மாடியேறிப் போய் அந்த நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதிவந்தேன். உன்னிடம் சொல்லவேண்டும் போலிருந்தது. வேறு யாரிடம் சொல்ல.

தம்பி, இருக்கிறாயா?

அக்கா


செப்டம்பர் 19

அக்காவுக்கு,

நீ சொன்னபடி புதுக் கட்டியிலிருந்து எடுத்து அனுப்பினார்கள். உன் காகிதத்தில் இருந்த அதே இரண்டு மருந்துக்கு அடங்காத கிருமிதான். மருந்தை மாற்றி இரண்டு மாதம் ஆகிறது. காதுக்குக் கீழே இருந்தது சுருங்கிவிட்டது. கழுத்துப் புண் கசிவது நின்று இன்றோடு எட்டு நாள். குட்டிக்கு ஒன்றுமில்லை என்று பார்த்துச் சொல்லிவிட்டார்கள். காகிதம் வராமல் இருந்திருந்தால் இன்னும் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் அலைந்திருப்போம் என்று டாக்டர் உன்னைப் புகழ்ந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னாலும் அவருக்குக் கேட்டிருக்காது.

குரல் இனி வராது. ரெக்கார்டு ரூமிலேயே நிரந்தரமாகப் போட்டுவிட்டார்கள்.

உன் கடிதங்கள் மூன்றும் வந்து சேர்ந்தன. மேசைமேல் எனக்கு எதிரில்தான் இருக்கின்றன. நீ கூப்பிட்டது கேட்டது. மூன்று முறையும் கேட்டது.

வரவில்லை.

தம்பி